வீட்டு வாடையைத் தேடிப் பிடித்து அனுப்புவது எப்படி: அதிகம் செலவில்லாத முழு வழிகாட்டி

இரண்டு மாதம் நான் சமையலறையில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டே இருந்தேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அடித்ததும் பத்து நிமிடம் பூ வாசனை. அப்புறம் அடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மேலே வரும். நாள் போகப் போக அது எனக்குப் பழகியும்விட்டது. வெகுநாள் கழித்து வந்த தங்கை, உள்ளே கால் வைத்ததுமே கேட்டாள்: “அக்கா, எங்கேயாவது ஈரத்துணி கிடந்து மக்குதா?”

அவள் கேட்ட பிறகுதான் தேடினேன். சிங்குக்குக் கீழே இருக்கும் அலமாரி. சோப்பு பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், பின்மூலையில் குழாய் இணைப்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது விழ அரை நிமிடம் ஆனது. அடுத்தது திரள இன்னோர் அரை நிமிடம். எப்போதோ நானே மடித்து அதன் அடியில் வைத்த பழைய துண்டு, மேலே வெளுப்பாகவும் மடிப்புக்குள் கறுப்புப் புள்ளிகளோடும் கிடந்தது. பலகையை நகத்தால் கீறினேன். ஊறிப்போய் ஏடு ஏடாக உரிந்து வந்தது.

துண்டைத் தூக்கி எறிந்தேன். தேய்ந்த வாஷரை மாற்றினோம். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி நான்கு நாள் ஓடவிட்டேன். ஐந்தாம் நாள் வாடை இல்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்கிறேன். வீடு மணக்க வேண்டுமென்றால் முதலில் ஈரத்தைத் தேடுங்கள். வீட்டில் வரும் பெரும்பாலான வாடைகள் பாக்டீரியாவும் பூஞ்சையும் வெளியிடுபவை. அவை வாழத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டால் வாடை தானாக அடங்கும். வாசனைப் பொருள்கள் கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை எல்லாம் ஏறக்குறைய இலவசம்.

வாடைக்குப் பெயர் வையுங்கள்

நம் மொழியில் வாடைக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன பாருங்கள். மக்கிய வாடை, ஊசிய வாடை, கவிச்சி, முடை நாற்றம், சிக்கு வாடை, மூத்திர வாடை, கருகல் வாடை. ‘வீடு ஒரு மாதிரி நாறுகிறது’ என்று பொதுவாக விட்டுவிடாமல் இந்தச் சொற்களில் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். பாதித் துப்பு அதிலேயே கிடைத்துவிடும்.

மக்கிய வாடை என்றால் பூஞ்சை: சுவர், அலமாரி, மெத்தை, சொட்டும் குழாய். அழுகிய முட்டை வாடை என்றால் சாக்கடைக் காற்று: ஹைட்ரஜன் சல்ஃபைடு. கவிச்சி என்றால் மீன், முட்டை, இறைச்சி பட்ட பாத்திரமோ பலகையோ துணியோ. கண்ணைக் கரிக்கும் நெடி என்றால் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா. சிக்கு வாடை என்றால் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அல்லது கழுவாத தலையணை உறை.

பெயர் வைக்க முதலில் அது மூக்குக்குத் தெரிய வேண்டும். மூக்கு ஒரே வாடையில் சில நிமிடங்களிலேயே மரத்துப்போகும். அதனால்தான் விருந்தாளிக்குத் தெரிவது வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. அரை மணி நேரமாவது வெளியே போய்விட்டு வாருங்கள். ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். கதவைத் திறந்து முதல் இரண்டு மூச்சில் என்ன தெரிகிறதோ அதுதான் உங்கள் வீட்டின் உண்மையான வாடை. உடனே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒவ்வோர் அறையாகப் போய், தரை மட்டத்தில் குனிந்து ஒரு முறை, அலமாரியைத் திறந்து ஒரு முறை மோந்து பாருங்கள். துணி, மெத்தை, மிதியடி ஆகியவற்றின் மேல் மூக்கை வைத்தே பார்க்க வேண்டும். அந்த வீட்டில் வசிக்காத ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முதல் வேலை: காற்றை ஓடவிடுவது

ஒரு ஜன்னலைத் திறந்தால் காற்று வந்து போகாது. எதிரெதிரே இரண்டு வேண்டும். ஒன்று காற்று நுழைய, இன்னொன்று வெளியேற. நடுவில் உள்ள கதவுகளையும் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். நாள் முழுக்க ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வைப்பதைவிட இந்தப் பதினைந்து நிமிடம் மேல். எதிர்ப்பக்கம் ஜன்னலே இல்லாத அறையா? ஜன்னலருகே ஒரு விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அது உள்காற்றை வெளியே தள்ளும், அதற்கு ஈடாகக் கதவு வழியே புதுக்காற்று வரும். விசிறியை உள்பக்கம் திருப்பி வைத்தால் வாடை பக்கத்து அறைக்குத்தான் போகும்.

நேரமும் முக்கியம். வெளியே உள்ளேயைவிட அதிகப் புழுக்கமாக இருக்கும் வேளையில் எல்லாவற்றையும் திறந்து வைத்தால் ஈரத்தை வரவேற்றது போலாகும். குளித்த பிறகு, சமைத்த பிறகு, தூங்கி எழுந்த பிறகு: இந்த மூன்று வேளையும் வீட்டுக்குள் ஈரம் ஏறியிருக்கும். அப்போது திறந்தால் பலன் உடனே தெரியும்.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பைப் பற்றவைக்கும்போதே போடுங்கள், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். குளியலறையில் இருப்பதைக் குளித்து முடித்து இருபது நிமிடமாவது ஓடவிடுங்கள். பலர் விளக்கோடு சேர்த்து அதையும் அணைத்துவிடுகிறார்கள். நீராவி எல்லாம் அப்போதுதான் சுவரில் இருக்கும்.

இரண்டாவது: ஈரத்தைத் தேடுவது

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய மீட்டர்கள் மலிவாகவே கிடைக்கின்றன. 30 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மீட்டர் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோத்திருக்கிறதா, உப்பு கட்டியாகிறதா, துணி காய இரண்டு நாள் ஆகிறதா என்று பாருங்கள், அதுவே போதும்.

நனைந்த துணியிலோ பலகையிலோ பூஞ்சை பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். எதுவும் 24 மணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருக்கக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் வாரம் ஒரு முறை கை வைத்துப் பார்க்கும் இடங்கள்: சிங்குக்குக் கீழ், ஃப்ரிட்ஜின் பின்னால், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், குளியலறைச் சுவரோடு முதுகு ஒட்டிய பீரோ, மிதியடியின் அடிப்பக்கம், பூந்தொட்டிக்குக் கீழ் வைத்த தட்டு. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டால் பின்னால் காற்று ஓடும். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருடைய ‘துணியில் மக்கிய வாடை’ தீர்ந்துவிடும்.

சுவரில் பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். வித்துகள் பறந்து அறை முழுக்கப் பரவும். ஈரத்துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, உலர்த்தி, நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மேல் படர்ந்திருந்தால், அல்லது பெயின்ட் அடித்தும் திரும்பத் திரும்ப வந்தால், சுவருக்குள் கசிவு இருக்கலாம். அதற்கு வேலை தெரிந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

ஏசியிலிருந்து நாற்றம் வந்தால் அதுவும் ஈரம்தான். குளிரும் சுருளில் நீர் கோத்து, தூசி ஒட்டி, அங்கேயே ஊறுகிறது. ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவி முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். அணைப்பதற்கு முன் ஒரு கால்மணி நேரம் குளிர்ச்சி இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடும்படி வையுங்கள். சுருள் காய்ந்துவிடும்.

தண்ணீர் போகும் ஓட்டைகள்

சிங்குக்கு அடியில் குழாய் நம் ‘ப’ எழுத்துப் போல வளைந்து மேலேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்த ஒரு குவளைத் தண்ணீர்தான். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கியபோது அதில் இப்படி ஒரு வளைவை வைத்தார். இன்றும் எல்லாரும் அந்தத் தந்திரத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

அந்தத் தண்ணீர் ஆவியாகிவிட்டால்? யாரும் பயன்படுத்தாத குளியலறை, விருந்தினர் அறை வாஷ்பேசின், பால்கனித் தரை ஓட்டை: இவை சில வாரம் சும்மா கிடந்தால் வளைவு வறண்டு, அழுகிய முட்டை வாடை கிளம்பும். வைத்தியம் ஒரு வாளித் தண்ணீர். வாரம் ஒரு முறை ஊற்றினால் போதும். வெளியூர் போகிறீர்கள் என்றால் தண்ணீர் ஊற்றிய பிறகு மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் படலமாக மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். தரை ஓட்டையில் சில வீடுகளில் மூடிக்கு அடியில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அடைப்பு எடுக்கிறேன் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பப் போட மறந்திருப்பார்கள். அது இல்லாமல் எத்தனை வாளி ஊற்றினாலும் வாடை நிற்காது.

தினமும் பயன்படுத்தும் சிங்க் நாறினால் காரணம் வேறு. குழாயின் உள்சுவரில் எண்ணெயும் சோப்பும் உணவுத் துகளும் சேர்ந்து வழுவழுப்பாக ஒட்டியிருக்கும். சல்லடையைக் கழற்றி, பழைய டூத்பிரஷில் சோப்பு தொட்டு, எட்டும் ஆழம் வரை தேய்த்து எடுங்கள். சல்லடையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஏன் நாறியது என்று புரிந்துவிடும். பிறகு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவைப் போட்டு, கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரை ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சலவை சோடா தோலை அரிக்கும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் இளகும், பீங்கான் விரிசல் விடும். பிரஷ் போட்டுத் தேய்ப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை.

சமையல் சோடாவா, வினிகரா?

இயற்கை முறை என்றாலே இந்த இரண்டையும் கலந்து நுரைக்க வைக்கும் வீடியோக்கள்தான். நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், இன்னொன்று காரம். கலந்ததும் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைசலும் தண்ணீரும் பறந்துபோன கார்பன் டை ஆக்சைடும்தான். இரண்டையும் தனித்தனியாக, அததற்குரிய இடத்தில் பயன்படுத்துங்கள்.

வியர்வை, காலணி, புளித்துப்போன பால், பழைய எண்ணெய் ஆகியவற்றின் வாடையில் அமிலங்களே அதிகம். அவற்றுக்கு சமையல் சோடா. மீன் கவிச்சிக்குக் காரணமான ட்ரைமெதில்அமினும் சிறுநீர் நெடியின் அம்மோனியாவும் காரத்தன்மை கொண்டவை. அவற்றுக்கு வினிகரோ எலுமிச்சையோ. மீன் அறுத்த பலகையைச் சோடாவால் தேய்த்துவிட்டு வாடை போகவில்லையே என்று வருந்துபவர்கள், அரை எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அமிலம் பட்டதும் அந்த அமின் ஆவியாகாத உப்பாக மாறிவிடும், மூக்குக்கு வந்து சேராது.

வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் துடைக்கப் போதும். பளிங்குக் கல் மேல் படக் கூடாது, பளபளப்பை அரித்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிளீச் இருக்கும் இடத்தில் வினிகரோ, அம்மோனியா கலந்த கிளீனரோ, வேறு டாய்லெட் அமிலமோ சேரவே கூடாது. குளோரின், குளோரமின் என்று நுரையீரலைத் தாக்கும் வாயுக்கள் வரும். ஒன்றைப் பயன்படுத்தினால் நன்றாக அலசிவிட்டு, இன்னொன்றை வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில்

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச்தான் முதல் குற்றவாளி. தினமும் இரவில் சோப்புப் போக அலசி, இறுகப் பிழிந்து, காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள். தட்டில் படுக்கப் போட்டால் அடிப்பக்கம் காயாது. நாறத் தொடங்கிய ஸ்பாஞ்சைக் காப்பாற்ற முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள். மேடை துடைக்கும் துணியை இரண்டாக வைத்துக்கொண்டு, ஒன்று காயும்போது மற்றது என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

குப்பைக்கூடையில் ஈரமும் உலர்ந்ததும் ஒன்றாகக் கிடந்தால் எல்லாமே ஈரக்குப்பைதான். பிரித்துப் போடுங்கள். ஈரக்குப்பை தினமும் இரவே வெளியே போகட்டும். கூடையின் அடியில் இரண்டு தாள் செய்தித்தாளை மடித்துப் போட்டால் வடியும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். இறைச்சி, மீன் கழிவு இருக்கும் நாளில் உடனே வெளியேற்ற முடியவில்லை என்றால், இறுகக் கட்டி ஃப்ரீசரில் ஒரு மூலையில் வைத்து மறுநாள் போடலாம். கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் கைகொடுக்கும். கூடையை வாரம் ஒரு முறை கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மூடியின் உள்விளிம்பை மறக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் சமையல் சோடா பாக்கெட்டைத் திறந்து வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. குறுகிய வாய் வழியே காற்றுக்கு எவ்வளவு சோடா படும்? அகலத் தட்டில் மெல்லப் பரப்பி வையுங்கள், அப்போதுதான் அது வேலை செய்யும். அதைவிட நல்லது செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் சார்கோல்). அதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்தால் 500 சதுர மீட்டருக்கும் மேல் வரும். வாடை மூலக்கூறுகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் முதலில் ஊசிப்போனதை எடுத்து எறிந்து, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடா கலந்து தட்டுகளைத் துடைக்க வேண்டும். கதவு ரப்பரின் மடிப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள், பாதி வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுப்புக்கு மேல் சுவரிலும் எக்ஸாஸ்ட் இறக்கையிலும் படியும் எண்ணெய்ப் பிசுக்குதான் ‘காறல்’ வாடைக்குக் காரணம். எண்ணெய் காற்றுப் பட்டுக் கெடுகிறது. மாதம் ஒரு முறை சலவை சோடா கரைத்த வெந்நீரில் துடைத்தால் இறுகாது. அலுமினியத்தில் மட்டும் படவேண்டாம், கறுத்துவிடும்.

பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய வாடை பிடிவாதமானது. சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மூடியைத் திறந்து வெயிலில் வைத்துப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் அந்த டப்பாவை ஆணி, ஸ்குரூ போட வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கண்ணாடியோ எவர்சில்வரோ வாங்கிவிடுங்கள்.

கழிப்பறை

உள்ளே எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகவில்லை என்றால் வெளியே பாருங்கள். சிறுநீர்த் துளிகள் தெறித்து, இருக்கையின் கீல் இடுக்கிலும், கமோட் தரையோடு சேரும் விளிம்பிலும், பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரம் வரையிலும் படிந்திருக்கும். பாக்டீரியா அதில் இருக்கும் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. இருக்கையின் கீலைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரை அங்கே தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். செல்லப்பிராணி மெத்தையிலோ விரிப்பிலோ சிறுநீர் கழித்திருந்தால் வினிகர் பாதி வேலைதான் செய்யும். யூரிக் அமிலப் படிகங்கள் தங்கிவிடும், மழை நாளில் மறுபடி வாடை எழும். அதற்கென விற்கும் என்சைம் கிளீனருக்குக் கொஞ்சம் செலவு செய்வது தகும்.

குளித்ததும் வைப்பரால் தரைத் தண்ணீரைத் தள்ளிவிட ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைப் போல் குளியலறைக்கு நன்மை செய்யும் பொருள் எதுவும் கடையில் இல்லை.

துணியும் மெத்தையும்

துவைத்த துண்டு காய்ந்த பிறகு நன்றாக இருந்து, முகம் துடைத்ததும் நாறுகிறதா? 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான பாக்டீரியாவை அடையாளம் கண்டார்கள். மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்று பெயர். அது சாதாரணத் துவைப்பில் சாகாமல் இழைகளில் ஒட்டியிருந்து, ஈரம் பட்டதும் விழித்துக்கொள்கிறது. அதனால் சோப்புப் பொடியைக் கூட்டிப் பயனில்லை. துணியின் லேபிள் அனுமதித்தால் 60 டிகிரி வெந்நீரில் ஒரு முறை துவைத்து, சீக்கிரமாகக் காயவையுங்கள். சோப்பும் சாஃப்ட்னரும் அதிகமானால் இழையில் படிந்து அதற்கே உணவாகும். நான் சாஃப்ட்னரை நிறுத்தியதிலிருந்து துண்டுகள் தண்ணீரையும் நன்றாக உறிஞ்சுகின்றன.

துவைத்த துணியை மெஷினுக்குள் விட்டுவிட்டு மறந்துபோவது நமக்கெல்லாம் நடப்பதுதான். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விட்டால் மறுபடி ஒரு அலசு அலசிவிட்டே காயப்போடுங்கள். முன்பக்கக் கதவு மெஷினில் ரப்பர் வளையத்தின் கீழ் மடிப்பை விரலால் இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு, ஒரு முடிக்கற்றை, சில நேரம் ஒரு சாக்ஸ். துடைத்து எடுத்து, கதவையும் சோப்புப் பெட்டியையும் எப்போதும் சிறிது திறந்தே வையுங்கள். மாதம் ஒரு முறை துணி இல்லாமல் அதிகச் சூட்டில் ஓடவிடுங்கள்.

எழுந்ததும் படுக்கையை ஒழுங்காக விரித்து மூடுவது அழகுதான். ஆனால் இரவெல்லாம் உடம்பிலிருந்து இறங்கிய ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். போர்வையைக் கால்பக்கம் மடித்துப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து விரியுங்கள். உறைகளை வாரம் ஒரு முறை மாற்றுங்கள். மெத்தையின் மேல் சோடாவைச் சலித்துத் தூவி, சில மணி நேரம் கழித்து வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால் வியர்வை வாடை குறையும். தலையணைக்கு வெயில்தான் மருந்து.

காலணியை ஒரே ஜோடியாக நாள்தோறும் போடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விட்டால் உள்ளே காயும். நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்தால் ஈரத்தை இழுத்துவிடும். காலணிக்குள் இருக்கும் இன்சோலைக் கழற்றித் தனியாகக் காயவைக்க வேண்டும்.

அலமாரியில் துணியை இறுக்கி அடுக்காதீர்கள், ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். காயாத துணி உள்ளே போகக் கூடாது. ஒரு மெல்லிய துணிப்பையில் கிராம்பு, காய்ந்த லாவெண்டர், அல்லது பிரிக்காத சோப்புக்கட்டி வைத்தால் மெல்ல மணக்கும். அந்துருண்டையை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. நாஃப்தலீன் ஆவியைத்தான் நாம் சுவாசிக்கிறோம். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. மிட்டாய் என்று நினைத்து வாயில் போடும் ஆபத்து வேறு.

இப்போது வாசனை

மேலே சொன்னவற்றைச் செய்து முடித்த வீட்டுக்கு வாசனை கொஞ்சமாகப் போதும். ஒரு சிறு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், ஒரு துண்டு பட்டை, நாலைந்து கிராம்பு போட்டு மிகச் சிறு தீயில் வையுங்கள். அரை மணி நேரத்தில் வீடு முழுக்கப் பரவும். தூக்கி எறியும் தோல்கள் இதற்காகவே ஃப்ரீசரில் சேரட்டும். தண்ணீர் வற்றுகிறதா என்று அருகிலேயே இருந்து பாருங்கள், வெளியே போகும்போது அணைத்துவிட வேண்டும்.

அடுப்பு வேண்டாம் என்றால், ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதியளவு சமையல் சோடா, பத்துச் சொட்டு நறுமண எண்ணெய், மேலே துளையிட்ட தாள். குளியலறைக்கு இது போதும். பூனை இருக்கும் வீடுகளில் கவனம்: பூனையின் கல்லீரலுக்கு இந்த எண்ணெய்களைச் செரித்து வெளியேற்றும் திறன் குறைவு, டீ ட்ரீ எண்ணெய் நஞ்சாகவே ஆகும். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ‘இயற்கை’ மணம்கூடத் தொல்லை தரலாம். புகையும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் நுண்துகள்களைக் காற்றில் சேர்ப்பவை. ஏற்றினால் ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

பயன்படுத்திய காபித்தூளை வைக்கிறவர்கள் முதலில் தட்டில் பரப்பி முழுக்க உலர்த்துங்கள், ஈரமாக வைத்தால் மூன்றாம் நாள் அதிலேயே பூஞ்சை பூக்கும்.

செடிகளைப் பற்றிக் கேட்பார்கள். 1989-ல் நாசா நடத்திய சோதனையில் செடிகள் காற்றைச் சுத்தம் செய்தது உண்மை, ஆனால் அது மூடி அடைத்த சிறு கூண்டுகளில் நடந்தது. டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சோதனைகளை எல்லாம் திரட்டிக் கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். ஜன்னல் திறப்பதால் கிடைக்கும் பலனைச் செடிகளால் பெற, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டுமாம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக வையுங்கள். தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

மறைக்கவே கூடாத வாடைகள்

சில வாடைகளைப் போக்க நினைக்கக் கூடாது, உடனே எழுந்து பார்க்க வேண்டும். சுவிட்சு போர்டு பக்கம் கருகிய பிளாஸ்டிக் வாடையோ, மீனே இல்லாத வீட்டில் மீன் போன்ற வாடையோ வந்தால் வயர் சூடாகிறது என்று பொருள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பயன்படுத்தாத ஓட்டைகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிய பிறகும் சாக்கடை வாடை நிற்கவில்லை என்றால் குழாயில் விரிசல் இருக்கலாம்.

சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நெடியுள்ள மெர்காப்டனை அதில் கலக்கிறார்கள். அந்த நெடி வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்டைத் தொடவே வேண்டாம். கை எட்டினால் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள்.